ஹோ யிஃபான் வீணடிச்சாங்களா? – கடிதம்

அன்புள்ள சார்,

என் பையன் செஸ் கிளாஸ் போறான், அங்க சீனாவோட ஹோ யிஃபான் பத்தி சொன்னாங்களாம். 14 வயசுல கிராண்ட்மாஸ்டர், 16 வயசுல பெண்கள் உலக சாம்பியன். அப்புறம் பட்டத்தையே வேணாம்னுட்டு படிக்கப் போயிட்டாங்களாமே. அவ்ளோ திறமையும் வீணாப் போச்சேன்னு இருக்கு.
– ராஜி

அன்புள்ள ராஜி,

வீணாப் போச்சுங்கிறத என்னால ஒத்துக்கவே முடியல. அவங்க 2011ல நம்ம இந்தியாவோட கொனேரு ஹம்பியோட உலகப் பட்டத்துக்காக ஆடினப்போ மூணு ஜெயிச்சு அஞ்சு டிரா பண்ணாங்க, ஒண்ணுல கூடத் தோக்கல. அடுத்த வருஷமே 64 பேர் ஆடுற, தோத்தா வெளியங்கிற நாக்-அவுட்ல ரெண்டாவது ரவுண்ட்ல வெளிய, பட்டம் போச்சு. சாம்பியனையும் கூட்டத்தோட கூட்டமா நிறுத்தி ரெண்டு மூணு நாள் ஆட்டத்துல முடிவு பண்றது என்ன நியாயம்? திரும்ப 2013ல ஜெயிச்சாங்க, 2016ல நாலாவது தடவையும் ஜெயிச்சுட்டுத்தான் இந்த முறையே சரியில்லன்னு விலகினாங்க. தோத்துட்டு ஒதுங்கல, அதப் பாருங்க.

2017ல ஜிப்ரால்டர் செஸ் போட்டில நடந்த விஷயம் மட்டும் எனக்கு இன்னும் மனசுக்கு ஆகல. பத்து ரவுண்ட்ல எதிர்ல ஆட ஏழு பேர் பெண்களாவே வந்ததுல கோவம், கடைசி ரவுண்ட்ல வெள்ளைக் காய வச்சுக்கிட்டு முதல் நகர்த்தலே ஜி4, அடுத்தது எஃப்3, மூணாவதுல கருப்பு ராணி செக் குடுக்க ராஜா டி2க்கு வந்து நின்னுச்சு, அஞ்சாவதோட தோல்விய ஒத்துக்கிட்டு ரிசைன். வேணும்னே மோசமா ஆடின ஆட்டம் அது. ஜோடி போட்டது கம்ப்யூட்டர்தான்னு நடத்துனவங்க சொன்னாங்க. எதிர்ல உக்காந்திருந்த நம்ம லலித் பாபு என்ன பாவம் பண்ணாரு? ஆனா அந்தக் கோவத்துக்குள்ள இருந்த ஆசை எனக்குப் புரியுது, பலமான ஆளுங்களோட ஆடணும், அவ்ளோதான். அதே ஜிப்ரால்டர்ல 2012ல பெண்கள்லயே பெரிய ஆட்டக்காரரான ஜூடித் போல்கரயே ஜெயிச்சு, இங்கிலாந்து கிராண்ட்மாஸ்டர் நைஜல் ஷார்ட்டோட முதலிடத்தப் பகிர்ந்துக்கிட்டவங்க இல்லயா. 2017லயே ஸ்விட்சர்லாந்துல இருக்குற பியல்ல மத்த எல்லாரும் ஆம்பளைங்களா இருந்த போட்டில 9க்கு 6.5 எடுத்து முதல் பரிசு வாங்கினாங்க.

படிப்பும் திடீர்னு வந்ததில்ல. சாம்பியனா ஆடிக்கிட்டே பீக்கிங் பல்கலைக்கழகத்துல படிச்சாங்க, அப்புறம் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்ல ஆக்ஸ்ஃபோர்டு, 2020ல ஷென்சென் பல்கலைக்கழகத்துல புரொஃபசர், அப்போ வயசு 26. உங்க பையனுக்கு அந்த பியல் ஆட்டங்களப் போர்டுல வச்சு ஒவ்வொரு நகர்த்தலா ஆடிப் பாக்கச் சொல்லுங்க.