ஆர்.எஸ்.எஸ். ஓடையில் முழுக் கட்டுரையா, முதல் சில வரிகளா?

கும்பகோணத்திலிருந்து சிறிய இணைய இதழ் ஒன்றை நடத்துகிறீர்கள். செய்தியோடையில், அதாவது தளத்தில் வெளியாவதை வாசகரின் வாசிப்புச் செயலிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஆர்.எஸ்.எஸ். ஓடையில், முழுக் கட்டுரையையும் கொடுத்துவிட்டால் தளத்துக்கு யார் வருவார்கள், பிறர் திருடிப் போட மாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுமையாகவே கொடுங்கள். மன்னார்குடியில் இருந்துகொண்டு வேளாண்மைக்கென்று ஒரு தளம் நடத்துகிறேன். இரண்டு விதமாகவும் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

2018 நவம்பர் வரை நாங்களும் சுருக்கம்தான் கொடுத்தோம். எங்கள் தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சுருக்கம் என்று தேர்ந்தெடுத்தால், நாமாக எழுதித் தராதவரை கட்டுரையை முதல் 55 சொற்களோடு வெட்டிவிடும். கஜா புயல் நெருங்கிக்கொண்டிருந்த 15ஆம் தேதி மாலை, நீரில் மூழ்கிய சம்பா பயிரை மீட்பது எப்படி என்று ஒரு கட்டுரை வெளியிட்டோம். மறுநாள் அதிகாலை வேதாரண்யம் அருகே புயல் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன.

தலைஞாயிறு பக்கம் என் சித்தப்பாவுக்கு நிலம் இருக்கிறது. சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்து போனுக்கு சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார். சிக்னல் இல்லை. ஆனால் அவருடைய வாசிப்புச் செயலி புயலுக்கு முந்தைய மாலையே எங்கள் ஓடையை இறக்கி வைத்திருந்தது. திறந்து காட்டினார். கனமழை எச்சரிக்கை, டெல்டா விவசாயிகளின் கவலை, "பின்வரும் முறையைக் கையாளலாம்" என்பதுவரை இருந்தது. பிறகு மூன்று புள்ளிகள். ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து இட வேண்டும் என்று நான் எழுதிய வரி அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இருந்தது. "முன்னுரை முழுவதும் வந்திருக்கிறது. அளவு எங்கே தம்பி?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வீடு திரும்பியதும் அந்த அமைப்பை மாற்றினேன்.

திருட்டு பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் சுருக்கம் கொடுத்த காலத்திலும் எங்கள் கட்டுரைகளைத் தலைப்போடு அப்படியே எடுத்துப் போட்டார்கள், தளப் பக்கத்திலிருந்தே எடுத்தார்கள். இப்போது ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் ஓடைக்கென்று ஒரு வரி சேர்க்கிறோம்: முதலில் வெளியான இடம், அதன் முழு இணைப்பு. கண்ணை மூடிக்கொண்டு நகலெடுப்பவர் அந்த வரியையும் சேர்த்தே எடுத்துப் போகிறார்.

வருகைக் கணக்கு குறையும் என்பது உண்மை. செயலியில் படிப்பவர் தளத்தின் எண்ணிக்கையில் வரமாட்டார். ஆனால் சில வாசிப்புச் சேவைகள், ஓடையை எடுக்க வரும்போதே தங்களிடம் உங்களுக்கு எத்தனை சந்தாதாரர்கள் என்பதையும் சொல்லிவிடும். சர்வர் பதிவேட்டில் பார்க்கலாம். விளம்பரம் தருபவரிடம் அந்த எண்ணையும் காட்டுங்கள். விளம்பரத்தையே ஒரு வரியாக ஓடைக்குள் வைக்கவும் முடியும்.

2013 ஜூலையில் கூகுள் ரீடர் என்ற ஓடை வாசிப்புச் சேவை மூடப்பட்டபோது ஆர்.எஸ்.எஸ். காலம் முடிந்தது என்றார்கள். பாட்காஸ்ட் இன்றும் அதில்தான் ஓடுகிறது. முதல் அரை நிமிடத்தை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியைத் தளத்துக்கு வந்து கேளுங்கள் என்று பாட்காஸ்ட் நடத்துபவர் சொன்னால் நாம் கேட்போமா? எழுத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்றால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது!

கட்டணம் வாங்கிக்கொண்டு படிக்கத் தரும் இதழ் என்றால் மட்டும் பொது ஓடையில் சுருக்கம் வைப்பது சரி. சந்தாதாரருக்குத் தனி முகவரியில் முழு ஓடையைக் கொடுத்துவிடலாம். அப்போதும் சுருக்கத்தை இயந்திரத்திடம் விட்டுவிடாமல் நீங்களே எழுதுங்கள். தேரோட்டம் எத்தனை மணிக்கு, பஸ் எந்த வழியாகத் திருப்பிவிடப்படுகிறது, உரம் எத்தனை கிலோ என்பதெல்லாம் அந்த நாலு வரிக்குள்ளேயே வந்துவிட வேண்டும்.