39 பெயர்கள், ஒரு சத்தமும் இல்லை

கேள்வி: வவுனியாவில் ஒரு டிப்ளோமா பாடநெறிக்குக் கணக்கியல் படிப்பிக்கிறேன். சேர்ந்து ஒன்பது மாதம். சனி, ஞாயிறு மாலை 6 மணி தொடக்கம் 8 மணி வரை சூமில் வகுப்பு. மாணவர்கள் 39 பேர். துணுக்காய், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, பூநகரி, செட்டிகுளம் என்று வன்னி முழுக்கச் சிதறி இருக்கிறார்கள். பாதிக்கு மேல் வேலை செய்துகொண்டு படிப்பவர்கள். ஒருவரும் கமரா போடுவதில்லை. "விளங்குதா?" என்று கேட்டால் நாலைந்து பேர் "ஓம் மிஸ்" என்று எழுதுவார்கள், மற்றவர்கள் இருக்கிறார்களா என்றே தெரியாது. கடைசி ஒப்படையில் பதினொரு பேரின் விடை எழுத்துக்கு எழுத்து ஒன்று. இரவு 11 மணிக்கும் வட்ஸ்அப்பில் கேள்வி வருகிறது. கமராவைக் கட்டாயமாக்கலாமா? உண்மையைச் சொன்னால், நானே கமராவை மூடிவிட்டுப் படிப்பிக்கலாம் போல இருக்கிறது.
— ஒரு விரிவுரையாளர், வவுனியா

பதில்: தங்கச்சி, கமராவுக்குப் பிறகு வருகிறேன். மாலை 6 மணி என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது.

2020இல் ஊரடங்கு நேரம் நானும் இதே 6 மணிக்குத்தான் வகுப்பு வைத்தேன். நெடுங்கேணிப் பக்கத்து மாணவி ஒருத்தி அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றதே இல்லை. இரண்டு தரம் எல்லாருக்கும் கேட்கக் கடிந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவள் வீட்டில் கவரேஜ் இல்லை. குளக்கட்டில் ஏறினால்தான் இரண்டு கோடு வரும். இருட்டினால் யானை இறங்குகிற பாதை அது. தகப்பன் டோர்ச் லைட்டோடு பக்கத்தில் காவல் நிற்பார், பொழுதுபட்டதும் "காணும், வா" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த மனிசன் அங்கே நிற்பது தெரியாமல் நான் நேரம் தவறாமை பற்றி விரிவுரை வைத்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே அடுத்த கிழமை பாடத்தை நிறுத்திவிட்டு, 39 பேரிடமும் தனித்தனியாக நாலு விடயம் கேளுங்கள். போன் யாருடையது, வீட்டில் வேறு யார் அதைப் பாவிக்கிறார்கள்? கவரேஜ் எங்கே பிடிக்கும், வீட்டுக்குள்ளா, வளவுக்குள்ளா, ரோட்டுக்குப் போகவேண்டுமா? எந்த நேரம் கையும் மனமும் ஓய்வாக இருக்கும்? மாதத்தில் டேட்டாவுக்கு எவ்வளவு போட முடியும்? குழுவில் கேட்காதீர்கள், குழுவில் எல்லாரும் "பிரச்சினை இல்லை மிஸ்" என்றுதான் எழுதுவார்கள். ஒரு குரல் பதிவு அனுப்பி, குரலிலேயே பதில் கேளுங்கள். ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற பிள்ளைக்குத் தட்டச்சுச் செய்வதைவிடப் பேசுவது சுகம். பதில்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். நேரத்தை அதைப் பார்த்து மாற்றுங்கள். என் அனுபவத்தில் ஞாயிறு விடியற்காலை நேரத்துக்கு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலானோர் கை தூக்கினார்கள். வன்னியில் ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள் அல்லவா?

இனிக் காசுக் கணக்கு. நீங்கள் கணக்கியல்காரி, கோபிக்கமாட்டீர்கள். சூமில் குழு வீடியோவுக்கு விநாடிக்கு 600 கிலோபிட் தொடக்கம் 1 மெகாபிட் வரை தேவை. மணித்தியாலத்துக்கு 270 தொடக்கம் 450 எம்பி. உங்கள் வகுப்பு மாதத்துக்கு 16 மணித்தியாலம், அப்படியென்றால் 4.3 தொடக்கம் 7.2 ஜிபி வரை. வெறும் குரல் என்றால் விநாடிக்கு 80 கிலோபிட் போதும். அது மணித்தியாலத்துக்கு 36 எம்பி, மாதம் முழுக்க 576 எம்பி. 2020இல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ன் என்ற பல்கலைக்கழகங்களுக்கான இணைய வலையமைப்பு வழியாகக் கட்டணமில்லாமல் சூம் வகுப்புக்கு வர வசதி செய்து கொடுத்தார்கள். உங்கள் பிள்ளைகள் சொந்த ரீலோட்டில் வருகிறவர்கள். கமராவைக் கட்டாயமாக்குவது என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டணம் விதிப்பதுதான். அதோடு, ஒரே அறை வீடு, பின்னால் யார் உடுப்பு மாற்றுகிறார்கள், யார் இருமுகிறார்கள் என்று தெரியாத வீடு. பெண்பிள்ளைகளுக்கு முகத்தைப் படம் பிடித்து யாரும் பரப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அது வீண் பயம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

முகம் தெரியாவிட்டால் இருக்கிறார்களா என்று எப்படி அறிவது? கேட்கிற கேள்வியில்தான் இருக்கிறது. "விளங்குதா?" என்பதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான், பள்ளிக்கூடத்தில் ஆறு வயதிலிருந்து பழக்கிவிட்ட பதில். அதை இன்றோடு விட்டுவிடுங்கள். பெறுமானத் தேய்வு, அதாவது பொருள் பழசாகப் பழசாகப் பெறுமதி குறைவது, படிப்பிக்கப்போகிறீர்கள் என்று வையுங்கள். வரைவிலக்கணத்தைத் திரையில் போடாமல் இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "ஐந்து வருடத்துக்கு முன் 6 இலட்சத்துக்கு ஒரு லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) வாங்கினீர்கள். இன்றைக்கு விற்றால் எவ்வளவு போகும்? ஒரு இலக்கம் மட்டும் எழுதுங்கள்." நான் கேட்டபோது ஒரு நிமிடத்துக்குள் இருபதுக்கு மேல் இலக்கம் வந்து விழுந்தது. ஒருவர் 4 இலட்சம் என்றார், இன்னொருவர் 80 ஆயிரம் என்றார். அப்புறம் சண்டை. "சேற்று உழவுக்குப் போனதா, மணல் ஏற்றினதா?" "கொட்டிலுக்குள் நின்றதா, மழையில் நின்றதா?" "இப்ப புது மொடல் வந்திட்டுது, இதை யார் வாங்குவினம்?" பாவனை, காலம், வழக்கொழிதல் என்று புத்தகம் சொல்கிற காரணங்களை அவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். பிறகு நான், சரி, எஞ்சிய பெறுமானம் 1 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம், வருடத்துக்கு எவ்வளவு தேய்வு என்று கேட்டேன். 5 இலட்சத்தை ஐந்தால் பிரித்து 1 இலட்சம் என்று எழுத ஒருவரும் தயங்கவில்லை. நேர்கோட்டு முறை என்ற பெயரைக் கடைசியில்தான் சொன்னேன்.

கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். போன் திரையில் எழுத்தைத் தேடி அமுக்க நேரம் எடுக்கும், கவரேஜ் குறைந்த இடத்தில் உங்கள் குரலே சில விநாடி பிந்தித்தான் போய்ச்சேரும். நாம் ஐந்து விநாடியில் பதறிப்போய் நாமே விடையைச் சொல்லிவிடுகிறோம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாடநெறி ஆங்கில மொழிமூலம் என்று நினைக்கிறேன், கடிதத்தில் சொல்லவில்லை. அப்படியானால் அந்த அமைதியில் பாதி அதனால்தான். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்குப் பெறுமானத் தேய்வு தெரியும், டிப்ரிசியேஷன்தான் தெரியாது. வகுப்புக்கு முதல் நாள் பத்துச் சொல்லைத் தமிழோடு சேர்த்துக் குரலில் அனுப்பிவிடுங்கள். எப்படி உச்சரிப்பது என்பதும் அதில் வந்துவிடும். தப்பாக உச்சரித்துவிடுவோமோ என்றே வாய் திறக்காத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து பேசுவதை நிறுத்துங்கள். சூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்று எல்லாரும் குறைப்படுகிறார்கள். எனக்கு அது பெரிய உதவி. 40 நிமிடம் கேள்வியும் கணக்கும் மட்டும். விளக்க வேண்டியதை முன்கூட்டியே எட்டு நிமிடக் குரல் பதிவு இரண்டோ மூன்றோ, கூடவே இரண்டு பக்கக் குறிப்பு என்று அனுப்புங்கள். அது சில எம்பிக்குள் அடங்கும். வேலைக்குப் போகிற பஸ்ஸில் கேட்பார்கள், நாலு தரமும் கேட்பார்கள். கொப்பிப் பக்கத்தைப் படமாக எடுத்து அப்படியே அனுப்பாமல் ஸ்கான் செய்து பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். உங்கள் நிறுவனத்தில் மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளம் இருந்தால், அதன் போன் செயலியில் பாடத்தை இறக்கிவைத்துக் கவரேஜ் இல்லாத இடத்திலும் வாசிக்கலாம் என்பதை ஒரு நாள் ஒதுக்கிச் செய்து காட்டுங்கள். பலருக்கு அது தெரியாது. இரண்டு மணித்தியால வகுப்பின் முழு வீடியோப் பதிவை யாரும் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். போட்டுவிட்டோம் என்ற திருப்தி நமக்கு மட்டும்தான்.

கரண்ட் போகிற நாளுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்போது வீட்டு வெளிச்சத்தோடு தொலைபேசிக் கோபுரத்து பற்றரியும் இறங்கிக் கவரேஜும் போய்விடும். "வகுப்பு அறுந்தால் குறிப்பின் அடுத்த பக்கத்துக் கணக்கைச் செய்து வையுங்கள், மறுநாள் அனுப்பலாம்" என்று முதலிலேயே சொல்லி வைத்தால் யாரும் பதறமாட்டார்கள்.

அந்தப் பதினொரு பேர் விடயம். கோபம் வருவது நியாயம்தான், ஆனால் ஒரே கணக்கை 39 பேருக்கும் கொடுத்தால் ஒரே விடைதானே வரும்? ஒவ்வொருவரும் தன் பதிவிலக்கத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை ஆயிரமாக எடுத்து, சொத்தின் விலையோடு கூட்டிச் செய்யச் சொல்லுங்கள். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பட்டும். கூடவே ஒரு நிமிடக் குரல் பதிவு: இரண்டாவது வரியில் ஏன் அந்தத் தொகையைக் கழித்தாய்? சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதினவரும் அந்த ஒரு நிமிடத்துக்காகவாவது படிக்கவேண்டி வரும். இதைத் திருத்துவது கடினம் என்று நினைப்பீர்கள். 39 நிமிடம்தான், சமைத்துக்கொண்டே கேட்கலாம். பிள்ளையின் குரலைக் கேட்ட பிறகு அந்தப் பெயர் வெறும் பெயராக இராது.

கடைசித் திகதியை ஞாயிறு நள்ளிரவு என்று வைக்காதீர்கள். உங்களுக்கு 11 மணிக்குச் செய்தி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். புதன் காலை என்று வையுங்கள். காலபோக அறுவடை நடக்கிற தை, மாசியில் ஒப்படையைக் குறையுங்கள், வயல்வெளியில் சூடடிக்கிற பிள்ளைக்கு நாள் கணக்கே இல்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே 18 அண்டிய கிழமையில் பரீட்சை வைக்கவே வேண்டாம். ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரவுச் செய்திகளுக்கு: "7 மணிக்குப் பிறகு வருகிற கேள்விக்கு மறுநாள் மத்தியானம் குரலில் பதில் சொல்வேன்" என்று அறிவித்துவிட்டு அதன்படியே நில்லுங்கள். இரண்டு கிழமை சங்கடமாக இருக்கும், பிறகு பழகிவிடும். குழுவில் 39 பேரின் நம்பரும் எல்லாருக்கும் தெரிகிறதா என்று பாருங்கள். சில பெண்பிள்ளைகளுக்குத் தேவையில்லாத அழைப்புகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. வட்ஸ்அப் கொமியூனிட்டியின் அறிவித்தல் குழுவில் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. அதற்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டு வகுப்புத் தொடர்ந்து சத்தமில்லாதவருக்குச் செய்தி அனுப்பாமல் அழையுங்கள். "ஏன் வரேல்லை?" என்று தொடங்கினால் பொய்தான் வரும். "எந்த இடத்தில் விட்டது, எதை அனுப்ப?" என்று கேளுங்கள். ஒரு முறை இப்படி அழைத்தபோது, கடன் கட்ட முடியாமல் போனை அடகு வைத்துவிட்டேன் என்று ஒரு மாணவன் சொன்னான். குறிப்பை அச்செடுத்து பஸ்ஸில் கொடுத்துவிட்டோம், படித்து முடித்தான். எல்லாவற்றையும் நீங்கள் தீர்க்க முடியாது, தீர்க்கவும் வேண்டாம். குரலில் நம்பிக்கை இல்லாமல் பேசுகிற பிள்ளை என்றால் உங்கள் நிறுவனத்தின் மாணவர் ஆலோசகரின் நம்பரையும், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தையும் கொடுங்கள். கொடுத்துவிட்டு மறுநாள் "எடுத்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

முடிந்தால் பருவத்தில் ஒரு தடவையாவது எல்லாரையும் நேரில் சந்தியுங்கள். மாங்குளம் நல்ல இடம். ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வரலாம், ஏ34 வீதியில் முல்லைத்தீவிலிருந்து வரலாம். துணுக்காய்க்காரருக்கு அது பக்கத்து ஊர். ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, பகலுக்குச் சோற்றுப் பார்சல் போதும்.

நீங்கள் கமராவை மூடலாமா என்று கேட்டீர்கள். முதல் ஐந்து நிமிடம் போடுங்கள். வணக்கம் சொல்லுங்கள், உங்கள் வீட்டு முற்றத்தில் என்ன பூத்திருக்கிறது என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள். பிறகு மூடிவிட்டுக் கணக்குக்குப் போங்கள். அவர்களுக்கும் டேட்டா மிச்சம்.