கொழும்பில் ஜெஃப்ரி பாவாவின் வீடு: கட்டடக்கலை தெரியாதவர் போய்ப் பார்க்கலாமா?

கட்டடக்கலையில் பெரிய ஈடுபாடு கிடையாது, கொழும்பில் இருப்பதே கொஞ்ச நேரம், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த ‘நம்பர் 11’ வீட்டுக்கு டிக்கெட் எடுத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். தெருவில் நின்று பார்த்துவிட்டு ‘இதுவா?’ என்று மட்டும் திரும்பிவிடாதீர்கள்.

வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு குறுகலான சந்துக்குள் வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் இலங்கை நாடாளுமன்றத்தை வடிவமைத்தவர் தனக்கென்று வரும்போது எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டார். 1958இல் வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் ஒன்றில் வாடகைக்குக் குடிவந்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் மற்ற மூன்றும் அவர் கைக்கு வந்தன. ஒரு சுவரை எடுப்பது, ஓர் இடத்தில் கூரையைத் திறந்துவிடுவது என்று நான்கையும் ஒரே வீடாக்கிவிட்டார். அதனால்தான் உள்ளே நடக்கும்போது எந்த அறை எதை ஒட்டி இருக்கிறது என்று பிடிபடாது. பிடிபட வேண்டியதும் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நமக்கு அது புதிதல்ல, ஆனால் இங்கே அதற்குப் பலன் உண்டு. நடையின் தரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மேலே திறந்த இடங்களிலிருந்து விழும் வெளிச்சம் அந்தத் தரையில் பட்டுச் சுவரெல்லாம் பரவுகிறது. நடந்துகொண்டே இருந்தால் சட்டென்று ஒரு சின்னத் தொட்டியும், அதை ஒட்டிக் கடைந்தெடுத்த கறுத்த மரத்தூண்களும் வருகின்றன. பார்த்ததும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண்கள்தான்! ஊரில் பத்துத் தூண்களுக்கு நடுவே நாம் கவனிக்காமலே கடந்துபோவோம். இங்கே வெள்ளைச் சுவருக்கு முன்னால் தனியாக நிற்கும்போதுதான் கடைசல் வளைவு ஒவ்வொன்றும் கண்ணில் படுகிறது. எனக்கு டிக்கெட் காசு அந்த இடத்திலேயே சரியாகிவிட்டது.

அப்புறம் டொனால்ட் ஃப்ரெண்ட் என்ற ஆஸ்திரேலிய ஓவியர் வரைந்த கதவுகள் இருக்கின்றன. கார் நிற்கும் இடத்தில் 1934ஆம் வருட ரோல்ஸ் ராய்ஸ் வேறு. எல்லோரும் காரைச் சுற்றித்தான் நிற்பார்கள், நீங்கள் அதை வெளியே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது. வழிகாட்டியோடு, குறிப்பிட்ட நேரங்களில்தான் விடுகிறார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். வெளிச்சம் மேலிருந்து வருகிற வீடு என்பதால் வெயில் ஏறிய நேரமாகக் கேட்டு வாங்குங்கள். குழுவில் கடைசி ஆளாக நடங்கள். ஓர் அறையிலிருந்து எல்லோரும் வெளியேறிய பிறகு கிடைக்கும் அரை நிமிடம், வழிகாட்டி சொல்லும் வரலாற்றை விட உபயோகமானது. மாடி ஏற மறக்காதீர்கள், கீழே இருந்த இருட்டுக்கும் குளிர்ச்சிக்கும் அங்கேதான் அர்த்தம் புரியும்.

கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் பெந்தோட்டை பக்கம் லுணுகங்க போகலாம். 1948இல் அவர் வாங்கிய பழைய ரப்பர் தோட்டம். அவர் கொழும்பில் ஏனா டி சில்வா என்ற பத்திக் கலைஞருக்குக் கட்டிக்கொடுத்த வீட்டையும் பிரித்து எடுத்துப்போய் இப்போது அங்கேதான் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் அது தோட்டம், நிறைய நடக்க வேண்டும். கூட வயதானவர்கள் வந்தால் நம்பர் 11 மட்டும் போதும், அதிலும் மாடிப்படி உண்டு என்பதை அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.