இழுப்புக்கு ஊதிப் பார்க்கும் டெஸ்ட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிள்ளைகளின் மூச்சுக் காற்றில் நைட்ரிக் ஒக்சைட்டை அளக்கும் பரிசோதனை பற்றிப் பல பேர் கேட்டிருந்தீர்கள். சுவாசப் பரிசோதனை செய்வதுதான் என் வேலை என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் பொறுப்பு.

ஹட்டனிலிருந்து ஒரு அம்மா: அக்கா, மகனுக்கு 8 வயது. ஊதச் சொன்னார்கள், 42 என்று வந்தது. பயப்பட வேண்டுமா?

பயப்பட ஒன்றும் இல்லை அம்மா. மூச்சுக் குழாயில் ஒவ்வாமை வகை அழற்சி இருந்தால், குழாயின் உட்சுவர் இந்த வாயுவைக் கூடுதலாக வெளியிடும். அளவு மிகச் சிறியது, நூறு கோடியில் எத்தனை பங்கு என்றுதான் கணக்கு. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2011இல் தந்த வழிகாட்டலின்படி, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 20க்குக் கீழே என்றால் குறைவு, 35க்கு மேலே என்றால் அதிகம். அதன்படி 42 அதிகம்தான். ஸ்டீரோய்ட் பம்ப் நன்றாகக் கேட்கும் என்பதற்கு அது ஒரு அறிகுறி. மகன் ஏற்கெனவே அந்தப் பம்ப் எடுக்கிறானா? அப்படியென்றால் முதலில் அவன் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். நேராக வாயில் வைத்து அடித்தால் மருந்தில் பாதிக்கு மேல் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் குழாய்) இல்லாவிட்டால், 500 மில்லிலீட்டர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளியை அடைத்துவிட்டுப் பாவிக்கலாம். அவசரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும்.

நுவரெலியாவிலிருந்து ஒரு அப்பா: மகள் பகலில் பீட்ரூட் கறி சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். அது பிரச்சினையா?

பிரச்சினைதான். பீட்ரூட், லெட்டஸ், கீரை எல்லாவற்றிலும் நைட்ரேட் அதிகம், எண்ணை மேலே தள்ளிவிடும். நம்ம ஊர் மரக்கறிகளே இப்படி மாட்டிவிடும்! அந்த வகைச் சாப்பாட்டை அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள். மற்றபடி ஊதுவதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். தடிமன் பிடித்திருந்தாலும் எண் கூடலாம், குணமாகிக் கொஞ்ச நாள் போகட்டும். ஸ்பைரோமெட்ரியும் (பலமாக ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் டெஸ்ட்) செய்வதாக இருந்தால் இதை முதலில் ஊத வேண்டும், பலமாக ஊதி முடித்தபின் எடுத்தால் எண் இறங்கிவிடும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு டீச்சர்: என் வகுப்புப் பிள்ளைக்கு இரவெல்லாம் இழுப்பு. ஆனால் 12 என்று வந்ததால் வீட்டில் "ஒன்றுமில்லை" என்கிறார்கள்.

அங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள் டீச்சர். இந்த எண் ஒரே ஒரு வகை அழற்சியைத்தான் காட்டும், இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடுகிற ஒவ்வாமை வகையை. விறகுப் புகையாலும் வைரஸாலும் வருகிற இழுப்பில் எண் சாதாரணமாகவே இருக்கலாம். லயத்துக் காம்பராவை (தோட்டத்து வரிசை வீட்டு அறையை) நினைத்துப் பாருங்கள்: ஒரு அடுப்பு, சின்ன ஜன்னல், குளிருக்கு அதையும் சாத்தி வைத்திருப்பார்கள். அடுப்புப் பக்கத்திலேயே பிள்ளை படுத்திருக்கும். வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் அந்தப் புகை எண்ணைக் கீழேயும் இறக்கக்கூடும். ஆகவே 12 வந்ததால் ஆஸ்துமா இல்லை என்று எந்த டொக்டரும் முடிவு கட்ட மாட்டார். இரவில் இருமி எழும்புகிறதா, மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகுகிறதா, பம்ப் அடித்தால் சரியாகிறதா என்று ஒரு கொப்பியில் இரண்டு வாரம் எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கொப்பிக்குத்தான் மதிப்பு அதிகம்.

பண்டாரவளை, 3 வயதுப் பிள்ளையின் அம்மா: இவளுக்கும் செய்யலாமா?

கஷ்டம். செக்கனுக்கு 50 மில்லிலீட்டர் வேகத்தில், ஒரே சீராக, 6 செக்கன் ஊத வேண்டும். கொஞ்சம் எதிர்ப்பு உள்ள குழாயில் ஊதுவதால் வாயின் பின்பக்கம் மூக்குப் பாதையை மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் மூக்கில் நிறைய இருக்கிற அதே வாயு கலந்து எண் பொய்யாகிவிடும். 5 வயதாகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

பதுளையிலிருந்து ஒரு தம்பி: காசநோய் இதில் தெரியுமா அக்கா?

தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியும் எக்ஸ்ரேயும்தான்.

மஸ்கெலியா மாணவி: மூச்சைக் குளிர வைத்துத் தண்ணீராக்கி அளக்கிறார்களாமே?

ஆமாம், 10, 15 நிமிடம் சாதாரணமாக மூச்சு விட்டால் போதும், குளிர்ந்த குழாயில் துளித் துளியாகச் சேரும். அதில் அழற்சியைக் காட்டும் ஹைட்ரஜன் பெரொக்சைட், லூக்கோட்ரையீன் போன்ற பொருட்கள், அமிலத்தன்மை எல்லாம் பார்ப்பார்கள். சிறு பிள்ளைக்கு வசதியானதுதான். ஆனால் துளி மிக நீர்த்தது, ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் முடிவு மாறுகிறது. அதனால் இன்னும் ஆய்வோடு நிற்கிறது.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு அப்பா: 48 இருந்தது 15க்கு வந்துவிட்டது. பம்பை நிறுத்திவிடலாமா?

வேண்டாம் அண்ணே. இறங்கியதே பம்பால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் திரும்ப ஏறலாம். அடுத்த கிளினிக்குக்கு இரண்டு டெஸ்ட் முடிவுத் துண்டுகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், அளவைக் குறைக்கலாமா என்று அங்கே கேளுங்கள். பம்ப் அடித்ததும் பிள்ளை வாயைக் கொப்பளிக்கிறானா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.