பாலியோவுக்கு டிக்கெட்டா? பணம் அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: ஆகஸ்ட் 16 அன்று இத்தாலியின் சியேனா நகரில் நடக்கும் பாலியோ குதிரைப் பந்தயத்துக்கு மனைவி, அம்மா (66), ஒன்பது வயது மகளுடன் போகிறோம். 'பால்கனி சீட்' என்று ஒரு ஏஜென்ட் ஆளுக்கு 450 யூரோ கேட்கிறார். முழுப் பணத்தையும் இப்போதே கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பாலியோ பார்க்க டிக்கெட்டே வேண்டியதில்லை. பந்தயம் ஓடும் காம்போ சதுக்கத்தின் நடுப்பகுதியில் நின்று பார்ப்பது முழுக்க இலவசம். உங்கள் ஏஜென்ட் இதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆனால் அம்மாவையும் மகளையும் அந்த நடுப்பகுதியில் நிறுத்தாதீர்கள். ஆகஸ்ட் வெயிலில் பகலெல்லாம் சுட்ட செங்கல் தரை அது. பந்தயத்துக்கு முன்னால் பழங்கால உடை ஊர்வலமே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகும். வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிடுவார்கள். அடைத்தபின் பந்தயம் முடியும்வரை வெளியே வர முடியாது, உள்ளே கழிப்பறையும் கிடையாது. கூட்டம் நெருக்கும்போது ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தெரிவது முன்னால் நிற்பவர் முதுகுதான். நீங்கள் மட்டும் போவதானால், ஃபோன்தே காயா நீரூற்றுப் பக்கமாக நில்லுங்கள். சதுக்கம் அங்கிருந்து கீழ்நோக்கிச் சரிவதால் தலைகளுக்கு மேலாகப் பார்க்கலாம்.

காசு கொடுத்து உட்கார இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சதுக்கத்தின் ஓரமாகப் போடும் மரப்பலகைப் படிவரிசை. அங்கே 'பால்கி' என்பார்கள். பெரும்பாலும் பின்னால் இருக்கும் கடைக்காரர்கள் கையில் இருக்கும். மற்றொன்று, வீடுகளின் ஜன்னலும் பால்கனியும், அவை வீட்டுக்காரர்களுடையவை. பந்தயத்தை நடத்துவது நகராட்சி. ஆனால் எல்லா இருக்கைகளையும் ஒரே விலைப்பட்டியலில் போட்டு விற்கும் கவுண்ட்டர் இத்தனை ஆண்டுகளில் வரவில்லை. தரகர்கள் புகுந்து விளையாடுவது இந்த ஓட்டையில்தான். கடைக்காரரிடமோ வீட்டுக்காரரிடமோ நேரடியாகக் கேளுங்கள். தரகரை விட முடியாவிட்டால், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, ஜன்னலில் முதல் வரிசையா அல்லது நாலு பேர் முதுகுக்குப் பின்னாலா என்று எழுத்தில் வாங்குங்கள். "நல்ல வியூ சார்" என்பது பதில் ஆகாது.

எழுத்தில் வாங்க வேண்டிய இன்னொன்று மழை. பந்தயப் பாதை கல் தரைமேல் மண் கொட்டி இறுக்கியது. நனைந்தால் வழுக்கும். சான் மார்த்தினோ வளைவில் பாதை சரிந்துகொண்டே திரும்புகிறது. குதிரை வழுக்கி மோதும் என்றுதான் அங்கே சுவரில் மெத்தை சாத்தியிருக்கும். அதனால் மழை பெய்தால் நகராட்சி மாளிகையில் பச்சைக் கொடி தொங்கவிட்டுப் பந்தயத்தைத் தள்ளிவைப்பார்கள். எப்போதோ நடப்பது என்று நினைக்காதீர்கள். 2024இல் இரண்டு பந்தயங்களுமே தள்ளிப்போயின: ஜூலை 2இல் ஓட வேண்டியது 4ஆம் தேதி ஓடியது, ஆகஸ்ட் 16இல் ஓட வேண்டியது 17ஆம் தேதி. மழையே வேண்டாம், இருட்டினாலும் போதும். ஒன்பது குதிரைகள் இரண்டு கயிறுகளுக்கு நடுவே வரிசையாக நிற்க, பத்தாவது குதிரைக்காரன் பின்னாலிருந்து தனக்குத் தோன்றும்போது ஓடிவந்தால்தான் பந்தயம் தொடங்கும். ஒவ்வொரு குதிரையும் நகரின் ஒரு பேட்டைக்காக ஓடுகிறது. எதிரிப் பேட்டையின் குதிரை கோணலாக நிற்கும் நொடிக்காக அவன் காத்திருப்பான். ஓட்டம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்தக் காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். ஆகவே தள்ளிப்போனால் அதே சீட்டு மறுநாளும் செல்லுமா, ஒரு இரவு கூடினால் ஓட்டல் செலவு யாருடையது என்று கேளுங்கள். விமானத்தை 19ஆம் தேதிக்கு முன் போடாதீர்கள்.

உங்கள் குடும்பத்துக்கு என் யோசனை வேறு. 13ஆம் தேதியே போய்ச் சேருங்கள். எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்று அன்று காலை குலுக்கல் நடக்கும். அன்று மாலை தொடங்கி 16 காலைவரை ஆறு ஒத்திகை ஓட்டங்கள். அதே பத்துக் குதிரைகள், அதே பாதை, சேணமில்லாத அதே சவாரி. பேட்டைக்காரர்கள் பாடிக்கொண்டே குதிரையின் பின்னால் சதுக்கத்துக்கு வருவதை மகள் பக்கத்தில் நின்றே பார்ப்பாள். காலை ஒத்திகையில் வெயிலும் குறைவு, நெரிசலும் குறைவு. பலகைப் படியில் இடமும் பந்தய நாள் விலையோடு பார்த்தால் சல்லிசு.

16ஆம் தேதி பிற்பகல் அந்தந்தப் பேட்டையின் தேவாலயத்துக்குள் குதிரையையே கூட்டிவந்து மந்திரிப்பார்கள். "போ, வென்று திரும்பி வா" என்று பாதிரியார் சொல்லும்வரை மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. குதிரை மிரண்டுவிடும் என்ற பயம். அங்கே சாணி போட்டால் நல்ல சகுனம். இடம் இருந்தால் வெளியாட்களும் நிற்கலாம். கேமரா ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

கடையில் அழகாக இருக்கிறதே என்று ஒரு பேட்டையின் கழுத்துத் துணியை வாங்கி மகளுக்குக் கட்டிவிட்டு எதிரிப் பேட்டைத் தெருவுக்குள் நுழையாதீர்கள். வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். மதில் சூழ்ந்த பழைய நகருக்குள் அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும். பல மாதம் கழித்து உங்கள் கார்டில் அபராதம் வந்து நிற்கும். ஃபிளாரன்ஸிலிருந்து பேருந்தில் வந்தால் ஊருக்குள்ளேயே இறங்கலாம். ரயிலில் வந்தால் நிலையம் மலையடிவாரத்தில். அம்மாவுக்காகச் சொல்கிறேன், எதிரே இருக்கும் வணிக வளாகத்திலிருந்து மேலே ஏற நகரும் படிக்கட்டுகள் இருக்கின்றன.