பரிசு இல்லாமல் கணிதக் கண்காட்சி நடக்குமா?

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வருஷா வருஷம் கணிதக் கண்காட்சி வைக்கிறோம். அப்பா அம்மா செய்து கொடுத்த தெர்மாகோல் மாடல்கள்தான் பரிசு வாங்குகின்றன. மற்ற பிள்ளைகள் முகம் வாடிப் போகிறார்கள். இந்த முறை போட்டியே வேண்டாம் என்று பார்க்கிறேன். "பரிசு இல்லைன்னா ஒருத்தனும் பேர் கொடுக்க மாட்டான்" என்கிறார் தலைமையாசிரியர். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஒருமுறை நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன், டீச்சர். பிதாகரஸ் தேற்றத்துக்கு சீரியல் லைட் எல்லாம் போட்டு ஒரு மாடல். "இதில் கர்ணம் எது தம்பி?" என்று கேட்டேன். "பின்னாடி இருக்கு சார், ஸ்விட்ச் பக்கத்துல" என்றான். முதல் பரிசு அதற்குத்தான் போனது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

பரிசை மட்டும் எடுத்துவிட்டு மாடலை வைத்திருந்தால் உங்கள் தலைமையாசிரியர் சொல்வதுதான் நடக்கும். மாடலையும் எடுத்துவிடுங்கள். மேசைக்கு ஒரு புதிர் வையுங்கள். வருகிறவர் வேடிக்கை பார்த்துவிட்டு நகரக்கூடாது, உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். கனடாவில் ஆல்பர்ட்டா பக்கம் இதை 'ஸ்னாப்' என்று பெயர் வைத்தே நடத்துகிறார்கள். அங்கும் போட்டி கிடையாது, எல்லாப் பிள்ளைகளும் உண்டு.

40 பேர் வகுப்பென்றால் இரண்டிரண்டு பேராக 20 மேசை. பாதி நேரம் ஒருவர் மேசையில் இருக்கட்டும், மற்றவர் சுற்றிப் பார்க்கட்டும். இல்லையென்றால் கண்காட்சி நடத்திய பிள்ளைகள்தான் கண்காட்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். புதிரை அவர்கள் முதலில் தாங்களே போட்டுத் தீர்க்க வேண்டும். அதற்கு இரண்டு வாரமாவது விடுங்கள்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. சாக்பீஸால் ஏழு கட்டம் போட்டு, இந்தப் பக்கம் மூன்று சிவப்பு மூடி, அந்தப் பக்கம் மூன்று நீல மூடி, நடுக்கட்டம் காலி. முன்னால்தான் நகரலாம், எதிர் நிற மூடி ஒன்றைத் தாண்டலாம். இரண்டு கூட்டமும் இடம் மாற வேண்டும். 15 நகர்த்தல். பக்கத்துக்கு ஒன்று என்றால் 3, இரண்டு என்றால் 8. இந்த 3, 8, 15-ஐ எழுதிப் பார்த்து, அடுத்தது 24 என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை தானாகச் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், டீச்சர்!

கஷ்டம் எங்கே என்றால், பிள்ளைகள் விடையைச் சொல்லாமல் இருப்பதில்தான். நாக்கு நுனியில் நிற்கும். கண்காட்சிக்கு முந்தின நாள் வகுப்புக்குள்ளேயே ஒத்திகை பாருங்கள். குறிப்பு கொடுக்கலாம், விடை கூடாது. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒவ்வொன்றாகப் படகில் அக்கரை சேர்க்கும் புதிரில் ஒரு பாட்டி திணறிக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த சிறுமி சொன்னாள்: "போன ஆடு திரும்பி வரக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா பாட்டி?" இதைவிட நல்ல குறிப்பு எனக்கே தோன்றியதில்லை.

ஒரு எச்சரிக்கை. கோனிக்ஸ்பெர்க் என்ற பழைய ஐரோப்பிய நகரத்தின் ஏழு பாலங்களையும் ஒரே நடையில், ஒவ்வொன்றையும் ஒரே தடவை கடக்க வேண்டும் என்ற புதிரை வாசல் மேசையில் வைத்துவிடாதீர்கள். முடியாது என்று கணித மேதை ஆய்லர் 1736-இலேயே காட்டிவிட்டார். முதல் மேசையிலேயே முடியாத புதிரைப் பார்த்தால் பெற்றோர் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதைக் கடைசியில் வையுங்கள்.

எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம், சுண்டல் கொடுங்கள்.

தேதியா? டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித தினம். பொருத்தமான நாள்தான், ஆனால் அரையாண்டுத் தேர்வு குறுக்கே நிற்கும். பொங்கலுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பைத் தொந்தரவு செய்யாமல் 6 முதல் 8 வரை போதும்.

தலைமையாசிரியரைச் சமாளிக்க ஒரு வழி சொல்கிறேன். எங்கள் பள்ளியில் கணக்கில் பாஸ் ஆவதே அபூர்வமான ஒரு பையன். அவன் மேசையில் 20 புளியங்கொட்டை. மாறி மாறி ஒன்று முதல் மூன்று வரை எடுக்கலாம், கடைசிக் கொட்டையை எடுப்பவர் ஜெயித்தார். "பெரியவங்க, நீங்களே முதல்ல எடுங்க சார்" என்பான், ரொம்ப மரியாதையாக. நீங்கள் ஒன்று எடுத்தால் அவன் மூன்று, நீங்கள் இரண்டு என்றால் அவன் இரண்டு. எங்கள் தலைமையாசிரியர் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றார். இராத்திரி வீட்டில் போட்டுப் பார்த்திருப்பார் போல. மறுநாள் பிரேயர் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு, "இன்னிக்கு 21 கொட்டை. ஆடலாமா?" என்றார்.

அவன் கொஞ்ச நேரம் கொட்டைகளையே பார்த்தான். "அப்படின்னா நான் முதல்ல எடுக்கிறேன் சார்" என்றான்.