தீராத இடுப்பு வலியோடு வேலைக்குப் போகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வருமானம் எவ்வளவு பாதிக்கும்?

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தவள். கீழ் முதுகில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி, வலது கால் வரைக்கும் இழுக்கும் வலி. மூன்று மாதத்தைத் தாண்டினாலே மருத்துவத்தில் அதை நாள்பட்ட வலி என்பார்கள். எனக்கு வருடக்கணக்காக இருக்கிறது.

வருமானம் என்றதும் எல்லோரும் லீவு போட்ட நாட்களைத்தான் எண்ணுகிறார்கள். எனக்கு அதிகம் போனது வேலைக்குப் போன நாட்களில்தான்.

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், கை ஓடினால்தான் காசு. மெஷின் ஓடும் வேகமோ பாதத்தில் இருக்கிறது. கால் மரத்துவிட்டால் பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. ஓவர்லாக்கில் தைக்கும்போதே கத்தி துணி ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும். கால் கொஞ்சம் தப்பி அழுத்தினால் தேவையில்லாத இடமும் சேர்ந்து வெட்டுப்படும், பிரித்துத் தைக்கவும் வழியில்லை. அந்தப் பயத்திலேயே மெதுவாகத் தைப்பேன். எனக்கு அடுத்த மெஷினில் இருப்பவர் பீஸ் வராமல் சும்மா உட்கார்ந்திருப்பார், அவருக்கும் அன்றைக்கு நஷ்டம். "நேத்து நல்லாத்தான ஓட்டுன அம்மணி, இன்னைக்கு என்னாச்சு?" என்பார் காண்ட்ராக்டர். நியாயமான கேள்விதான். நேற்று நன்றாகத்தான் இருந்தேன்.

சரி, மாத்திரை போட்டால்? நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின் வலியை மட்டுப்படுத்தியது, கூடவே தூக்கமும் கிறுகிறுப்பும் வந்தது. ஊசி ஓடும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு செய்கிற வேலைக்கு அது ஒத்துவராது. டாக்டரிடம் சொல்லி இரவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டேன்.

வீட்டில் குனிந்து நிமிர்கிற எதுவும் தனி வேலை ஆகிவிடும். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது போயிற்று. குத்தவைக்கும் கக்கூஸ்தான் பெரிய பாடு, சுவரில் ஒரு பிடி அடித்த பிறகுதான் தெம்பாக எழுந்திருக்க முடிந்தது. டவுன் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவேன், வேகத்தடையில் உட்கார்ந்திருந்தால் உயிர் போகும். 'நிற்க முடிகிறதே, அப்புறம் என்ன வலி?' என்கிற பார்வை பழகிவிட்டது.

இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, உதவியும் செய்தது. நோய்க்கால உதவியாக நாள் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. எங்கள் வலியோ ஒரு நாள் படுக்கவைத்து மறுநாள் எழுப்பிவிடும். இப்படி ஒற்றை ஒற்றையாகப் போடும் லீவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் வராது. (முந்தைய லீவு முடிந்த 15 நாளுக்குள் மறுபடி முடியாமல் போனால் அந்த இரண்டு நாளைக் கழிக்க மாட்டார்கள். இது பலருக்குத் தெரியாது.) இன்னொன்று, ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அடிக்கடி லீவு போடுகிறவருக்கு அதிலும் இடிக்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழும் கேட்டுப் பார்த்தேன். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் வலி என்று தனியாக எதுவும் இல்லை.

ஆக, மாதம் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, இந்தச் சனிக்கிழமை கையில் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாததுதான் என்னை வாட்டியது. தெருவில் போட்டுவந்த சீட்டிலிருந்து விலகினேன். நகைக்கடன் வட்டிக்குத் தேதி சொல்லப் பயந்தேன். கடைசியில் டெய்லர் வேலையை விட்டு, தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று நின்றுகொண்டே பார்க்கும் செக்கிங்குக்கு மாறிவிட்டேன். ஷிப்டுக்கு இவ்வளவு என்று சம்பளம், முன்பு வாங்கியதைவிடக் குறைவு. இருந்தாலும் சனிக்கிழமை வருவது இவ்வளவு என்று தெரிகிறது, சீட்டிலும் மறுபடி சேர்ந்தாயிற்று.

கம்பெனியில் சொல்லலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் சொல்லிவிடுங்கள். ஆனால் "வலிக்குதுங்கண்ணா" என்று மட்டும் சொன்னால் லைன் சூப்பர்வைசர் என்ன செய்வார்? "ஒரு மணி நேரத்துக்கு மேல உட்கார முடியலைங்கண்ணா, நின்னுக்கிட்டுச் செய்யற வேலை குடுங்க" என்று கேளுங்கள். அதையே டாக்டர் சீட்டிலும் எழுதி வாங்கிக்கொண்டு போனால் ஏதாவது ஒரு டேபிளில் இடம் பார்த்துத் தருவார்கள்.